நுளம்பு என்று பெயர் பெற்ற வீராங்கனை: வில்மா ருடோல்ப்

1960 ஆம் ஆண்டு உரோம் நகரில் நடந்த ஒலிம்பிக் போட்டிகளில் 20 வயதுப் பெண் ஒருவர் மூன்று தங்கப் பதக்கங்களை வென்றார். 100 மீற்றர், 200 மீற்றர், 4 தர 100 மீற்றர் அஞ்சலோட்டம் ஆகியவை அந்த மூன்று நிகழ்ச்சிகள். ஒரே ஒலிம்பிக்கில் மெய்வல்லுநர் நிகழ்ச்சிகளில் மூன்று தங்கம் வென்ற முதலாவது அமெரிக்கப் பெண் அவரே. அவரது பெயர் வில்மா ருடோல்ப்.

அந்த மூன்று இறுதிப் போட்டிகளிலும் அவர் ஓடிய நேரம் முழுவதையும் கூட்டினாலும் ஒரு நிமிடம் வராது. அந்த ஒரு நிமிடத்தைப் பற்றி உலகம் நிறையவே எழுதிவிட்டது. அதற்கு முந்திய இருபது வருடங்களைப் பற்றிப் பலரும் அறிவதில்லை. வில்மா முதலில் ஓட்ட வீராங்கனையாக அறியப்பட்டவர் அல்லர். அவர் ஒரு பாடசாலைக் கூடைப்பந்தாட்ட வீராங்கனை. அதற்கும் முன்னர், நடக்க முடியாத ஒரு பிள்ளை. அந்தப் பிள்ளை எப்படிப் பாடசாலை மைதானத்துக்கு வந்தார், அங்கிருந்து எப்படிப் பல்கலைக்கழகத்துக்குப் போனார் என்பதே இக்கட்டுரையின் கதை. மாணவிகள் மட்டுமன்றி அவர்களின் தாய் தந்தையரும் அறிந்திருக்க வேண்டிய கதை இது.

பிறப்பும் நோயும்

ஐக்கிய அமெரிக்காவின் தெற்கே டென்னசி மாநிலம் இருக்கிறது. அங்குள்ள கிளார்க்ஸ்வில் என்ற சிறு நகரத்தை அடுத்த சென்ட் பெத்லஹேம் என்னும் இடத்தில் 1940 யூன் 23 ஆம் திகதி வில்மா பிறந்தார். குறைமாதக் குழந்தை. நிறை ஏறத்தாழ இரண்டு கிலோகிராம். தந்தை எட் ருடோல்ப் இரு திருமணங்கள் செய்தவர். அவரது 22 பிள்ளைகளில் வில்மா இருபதாவது பிள்ளை. தந்தை புகையிரத நிலையத்தில் பொதி சுமப்பவராகவும், கிடைத்த சில்லறை வேலைகளைச் செய்பவராகவும் இருந்தார். தாய் பிளான்ச், வெள்ளையர் வீடுகளில் வீட்டுவேலை செய்தார். வீட்டில் வறுமை இருந்தது. ஆனால் ஒரு பிள்ளையைத் தூக்கி வளர்க்கக் கைகள் நிறைய இருந்தன.

வில்மாவின் குழந்தைப் பருவம் நோயிலேயே கழிந்தது. நியூமோனியா வந்தது, செங்காய்ச்சல் வந்தது. நான்கைந்து வயதளவில் போலியோ என்று நாம் சொல்லும் இளம்பிள்ளைவாதம் தாக்கியது. உயிர் தப்பியது. ஆனால் இடது காலும் பாதமும் வலுவிழந்தன. அந்தக் கால் இனி வழமைக்குத் திரும்புவது கடினம் என்றே வைத்தியர்கள் கருதினார்கள். தாய் மட்டும் அதை ஏற்றுக்கொள்ளவில்லை.

அக்காலத்துத் தென் மாநிலங்களில் கறுப்பினத்தவர்க்கு ஒரு சட்டம், வெள்ளையர்க்கு ஒரு சட்டம். பாடசாலை வேறு, உணவுச்சாலை வேறு, பஸ்ஸில் இருக்கை வேறு, வைத்தியசாலையும் வேறு. கிளார்க்ஸ்வில்லில் கறுப்பினப் பிள்ளை ஒருவருக்கு அத்தகைய சிகிச்சை கிடைக்கவில்லை. கறுப்பின வைத்தியர்களை உருவாக்கவென்று 1876 இல் தொடங்கப்பட்ட மெஹாரி மருத்துவக் கல்லூரி நாஷ்வில் நகரில் இருந்தது. தூரம் ஏறத்தாழ 80 கிலோமீற்றர். தாய் பிளான்ச் வாரந்தோறும் மகளை பஸ்ஸில் ஏற்றி அங்கே கொண்டு சென்றார். பின் வரிசை இருக்கைகளில்தான் அமர வேண்டும். இரண்டு வருடங்கள் அந்தப் பயணம் நடந்தது.

பனிச்சங்கேணிப் பாலத்தைக் கடந்து, வாழைச்சேனை வழியாக மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு நோயாளிப் பிள்ளையோடு போய்வந்த தாய்மாருக்கு இந்தப் பயணத்தின் களைப்பை விளக்க வேண்டியதில்லை. பிளான்ச் சென்ற பாதை அதைவிடவும் நீண்டது. ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் ஒரு நாள் கூலி போய்விடும். அப்படியிருந்தும் அவர் விடவில்லை.

வாரம் ஒருமுறை வைத்தியம் போதாது என்று அறிந்த தாய், காலை எப்படி நீவிவிட வேண்டும் என்பதை வைத்தியசாலையில் பார்த்துப் பழகிக்கொண்டார். வீட்டுக்கு வந்து மூத்த பிள்ளைகளுக்கும் அதைச் சொல்லிக் கொடுத்தார். நாளொன்றுக்கு நான்கு தடவை வில்மாவின் கால் நீவிவிடப்பட்டது. அண்ணன்மாரும் அக்காமாரும் முறை வைத்து அதைச் செய்தார்கள். உலகின் மிக வேகமான கால்களுக்கு முதற் பயிற்சி கொடுத்தவர்கள் அவர்கள்தாம்.

காலுக்கு உலோகத் தாங்கி பூட்டப்பட்டிருந்தது. அதனால் வில்மா உரிய வயதில் பாடசாலைக்குப் போகவில்லை. வீட்டிலேயே எழுத்துப் படித்தார். 1947 இல், ஏழு வயதில், கோப் ஆரம்பப் பாடசாலையில் இரண்டாம் வகுப்பில் சேர்ந்தார். தாங்கியோடு நடந்து வரும் பிள்ளையைச் சக பிள்ளைகள் கேலி செய்தார்கள். இடைவேளைகளில் மற்றவர்கள் ஓடி விளையாடுவதை அவர் ஓரமாக இருந்து பார்த்தார். பின்னர் தாங்கி போய், பாதத்தைத் தாங்கும் விசேட சப்பாத்து வந்தது. 12 வயதாகும்போது அந்தச் சப்பாத்தும் தேவைப்படவில்லை. வீட்டு முற்றத்தில் அண்ணன்மார் கட்டிவைத்த கூடைக்குள் பந்தை எறிந்து விளையாடும் அளவுக்குக் கால் தேறிவிட்டது.

கூடைப்பந்து என்ற வாசல்

கூடைப்பந்தாட்டம் 1891 இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்ட் நகரில் பிறந்தது. குளிர்காலத்தில் மாணவர்களை மண்டபத்துக்குள் வைத்து விளையாட்டுக் காட்ட வழி தேடிய ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர், பீச் பழக் கூடைகள் இரண்டைச் சுவரில் மாட்டி அதைத் தொடங்கினார். அடுத்த வருடமே செண்டா பெரன்சன் என்ற ஆசிரியை, ஸ்மித் கல்லூரியின் மாணவிகளுக்கு ஏற்ப விதிகளை மாற்றிக் கற்பித்தார். அந்த விளையாட்டு இங்கிலாந்துக்குப் போனபோது அதிலிருந்து வலைப்பந்தாட்டம் கிளைத்தது. நம் பாடசாலை மைதானங்களில் மாணவிகள் ஆடும் வலைப்பந்தும், இலங்கை அணிக்கு ஆசியக் கிண்ணங்களைத் தேடித் தந்த தர்ஜினி சிவலிங்கம் ஆடிய வலைப்பந்தும் அந்தக் கூடைகளின் வழித்தோன்றலே.

வில்மா உயர்நிலைக் கல்வி கற்ற பேர்ட் பாடசாலை, கிளார்க்ஸ்வில்லின் கறுப்பினப் பிள்ளைகளுக்கான பாடசாலை. அங்கே பெண்கள் கூடைப்பந்து அணி ஒன்று இருந்தது. பயிற்றுநர் கிளின்டன் கிரே. அவர் அணியில் எடுக்க விரும்பியது வில்மாவை அல்ல, வில்மாவின் அக்காவை. அனுமதி கேட்டபோது தந்தை எட் ருடோல்ப் ஒரு நிபந்தனை வைத்தார். மூத்தவள் அணியில் சேர வேண்டுமானால் இளையவளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இரவில் பிற ஊர்களுக்கு விளையாடப் போகும் மகள் தனியே போகக்கூடாது என்பது அந்தத் தந்தையின் எண்ணம்.

நம் ஊர்களிலும் ஒரு மாணவி வலயமட்டப் போட்டிக்கோ மாகாணமட்டப் போட்டிக்கோ தெரிவானால், வீட்டில் முதலில் எழும் கேள்வி யார் கூடப் போவது என்பதுதான். பெற்றோர் அப்படிக் கேட்பது பிழையல்ல. எட் ருடோல்பும் கேட்டார். ஆனால் அந்தக் கேள்விக்கு அவர் மறுப்பை விடையாகச் சொல்லவில்லை. ஒரு வழியைச் சொன்னார். மகளைத் தடுப்பதற்குப் பதிலாக இன்னொரு மகளையும் கூட அனுப்பினார். அந்த முடிவில்தான் வில்மாவின் வாழ்க்கை திரும்பியது.

எட்டாம் வகுப்பில் அணிக்குள் வந்த வில்மாவுக்கு உடனே ஆட இடம் கிடைக்கவில்லை. அக்கா மைதானத்தில், தங்கை வாங்கில். அக்காவுக்குத் துணையாக வந்தவர் என்ற அளவில்தான் பயிற்றுநர் அவரைக் கணக்கில் வைத்திருந்தார். ஆனால் வாங்கில் இருந்த காலத்தை வில்மா வீணாக்கவில்லை. எதிரணியினர் எப்படிப் பந்தை நகர்த்துகிறார்கள், யார் எந்தப் பக்கம் பலவீனம், நடுவர் எதற்குக் குழல் ஊதுகிறார் என்று கவனித்துக்கொண்டே இருந்தார். சிறு வயதில் வருடக்கணக்காக ஓரத்தில் இருந்து விளையாட்டுப் பார்த்த பிள்ளைக்கு அது புதிதல்ல. பயிற்சி நேரத்தில் பயிற்றுநரின் கண்ணில் படும்படி அங்குமிங்கும் ஓடித் திரிந்தார். ஓயாமல் காதருகே வந்து சுற்றுகிறாளே என்று பயிற்றுநர் கிரே அவருக்கு நுளம்பு என்று செல்லப்பெயர் வைத்தார். அந்தப் பெயர் கடைசிவரை ஒட்டிக்கொண்டது.

இரண்டாம் நிலை மாணவியாக, அதாவது பத்தாம் வகுப்பில், வில்மா முதல் அணியில் இடம்பிடித்தார். அந்தப் பருவத்தில் அவர் எடுத்த புள்ளிகள் 803. உயர்நிலைப் பாடசாலைப் பெண்கள் கூடைப்பந்தில் அது புதிய சாதனையாகப் பதிவானது. இந்த எண்ணின் பெறுமதியை விளங்கிக்கொள்ள ஒரு சிறு கணக்குப் போதும். அக்காலத்தில் தூரத்திலிருந்து எறிந்து மூன்று புள்ளி பெறும் முறை இல்லை. களத்திலிருந்து போட்டால் 2 புள்ளி, தண்ட எறிதலில் போட்டால் 1 புள்ளி. அப்படியானால் 803 புள்ளிகளுக்குக் குறைந்தது 402 தடவை பந்து கூடைக்குள் விழுந்திருக்க வேண்டும். ஏழு வயதில் காலில் தாங்கியோடு வகுப்புக்கு வந்த பிள்ளை செய்த காரியம் இது.

பேர்ட் பாடசாலை அணி மாநில மட்டப் போட்டிக்காக நாஷ்வில்லுக்குப் போனது. கிண்ணம் கிடைக்கவில்லை. தோற்றுத் திரும்பினார்கள். ஆனால் அந்த மைதானத்தில் நடுவராக நின்றவர்களில் ஒருவர் எட் டெம்பிள். நாஷ்வில்லில் உள்ள டென்னசி மாநிலப் பல்கலைக்கழகத்தின் பெண்கள் மெய்வல்லுநர் பயிற்றுநர் அவர். குழல் ஊதிக்கொண்டே அவர் பார்த்தது புள்ளிகளை அல்ல. ஏறத்தாழ 180 சென்ரிமீற்றர் உயரத்துக்கு வளரவிருந்த ஒரு மெலிந்த பெண், பந்தோடும் பந்தில்லாமலும் எப்படி ஓடுகிறாள் என்பதைப் பார்த்தார். தோற்ற அணியில் இருந்த ஒருவரைத்தான் அவர் தேர்ந்தெடுத்தார். தோல்வியில் முடிந்த ஒரு போட்டி இப்படியும் ஒரு கதவைத் திறக்கலாம்.

கோடைகாலப் பயிற்சி

பெற்றோரின் சம்மதத்தோடு, 14 வயதில், வில்மா பல்கலைக்கழகத்தின் கோடைகாலப் பயிற்சியில் சேர்ந்தார். அங்கே பயிற்சி பெற்ற பெண்களின் அணிக்கு டைகர்பெல்ஸ் என்று பெயர். டெம்பிள் கண்டிப்பானவர். பயிற்சிக்கு எத்தனை நிமிடம் பிந்துகிறார்களோ அத்தனை சுற்று மேலதிகமாக ஓட வேண்டும் என்பது அவரது விதி. ஒருநாள் வில்மா தூங்கிப்போய் முப்பது நிமிடம் பிந்தி வந்தார். முப்பது சுற்று ஓடினார். மறுநாள் முப்பது நிமிடம் முந்தியே வந்து நின்றார்.

அதுவரை பாடசாலை மட்டத்தில் இலகுவாக வென்றுகொண்டிருந்த அவருக்கு, அலபாமா மாநிலத்தின் டஸ்கிகீ கல்லூரியில் நடந்த போட்டி பெரிய அடியாக அமைந்தது. ஓடிய ஓட்டம் ஒவ்வொன்றிலும் தோற்றார். வேகம் இயல்பாக வரும், ஓட்டம் கற்றுத்தான் வரும் என்பதை அன்று அறிந்துகொண்டார். தொடக்கத்தில் எப்படிப் புறப்படுவது, கையை எப்படி வீசுவது, உடலைத் தளர்வாக வைத்துக்கொண்டு எப்படி ஓடுவது என்பவற்றை டெம்பிளிடம் ஒவ்வொன்றாகக் கற்றார். 1956 இல் பிலடெல்பியாவில் நடந்த இளையோர் போட்டியில் தாம் கலந்துகொண்ட ஒன்பது ஓட்டங்களிலும் வென்றார். அங்கேதான் புகழ்பெற்ற பேஸ்போல் வீரர் ஜக்கி ரொபின்சனைச் சந்தித்தார். பேஸ்போலில் நிறத்தடையை உடைத்த ரொபின்சன், தமது பல்கலைக்கழகக் காலத்தில் கூடைப்பந்தும் ஆடியவர்.

அதே ஆண்டின் இறுதியில் மெல்பேர்ன் ஒலிம்பிக். 16 வயது வில்மா, அமெரிக்க மெய்வல்லுநர் அணியின் மிக இளைய உறுப்பினராகப் போனார். 200 மீற்றரில் முதற்சுற்றுகளிலேயே வெளியேறினார். ஆனால் மே ஃபாக்ஸ், மார்கரட் மத்தியூஸ், இசபெல் டானியல்ஸ் ஆகியோருடன் ஓடிய அஞ்சலோட்டத்தில் வெண்கலப் பதக்கம் கிடைத்தது. அந்த மெல்பேர்ன் ஒலிம்பிக்கில் நம் நாட்டின் சார்பில் உயரம் பாய்ந்தவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் என்பதையும் நினைவுகொள்வோம். அவரும் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் படித்துக்கொண்டே பாய்ந்தவர். இரண்டு வருடம் கழித்து டோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் இலங்கைக்கு முதல் தங்கத்தைக் கொண்டுவந்தவரும் அவரே.

பதக்கத்தோடு ஊர் திரும்பிய வில்மா மீண்டும் பேர்ட் பாடசாலை வகுப்பறைக்கும், கூடைப்பந்து அணிக்கும் வந்து சேர்ந்தார். ஒலிம்பிக் பதக்கம் பெற்றவர் என்பதற்காக வீட்டுப் பாடத்திலிருந்து யாரும் விடுதலை கொடுக்கவில்லை.

பல்கலைக்கழக நாட்கள்

1958 இல் வில்மா ஒரு பெண் குழந்தைக்குத் தாயானார். பல பெண்களுக்கு அந்த இடத்தில் படிப்பும் விளையாட்டும் முடிந்துபோகும். வில்மாவின் குடும்பம் குழந்தையைப் பொறுப்பேற்றது. டெம்பிளும் வாசலை மூடவில்லை. அவ்வருடம் செப்டெம்பரில் வில்மா டென்னசி மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். கல்வியியலைப் பாடமாக எடுத்துக்கொண்டார். அவரது குடும்பத்துக்குப் பல்கலைக்கழகப் படிப்பு எட்டாத கனியாகவே இருந்தது. அதைப் பறித்துத் தந்தது விளையாட்டு.

ஆனால் சும்மா தரவில்லை. ஆண்களின் அணிகளுக்குக் கிடைத்ததைப் போன்ற முழுப் புலமைப்பரிசில் அக்காலத்தில் பெண் ஓட்ட வீராங்கனைகளுக்கு இல்லை. படிப்புச் செலவுக்கு ஈடாக அவர்கள் பல்கலைக்கழக வளாகத்திலேயே நாள்தோறும் இரண்டு மணித்தியாலம் வேலை செய்ய வேண்டும். காலையில் விரிவுரை, பின்னர் வேலை, அதன் பின்னர் பயிற்சி, இரவில் படிப்பு. ஓடுபாதை சரியாக அமைக்கப்படாத மண்பாதை. சமூகவியல் விரிவுரையாளராகவும் இருந்த டெம்பிளே வாகனம் ஓட்டி அணியைப் போட்டிகளுக்குக் கொண்டு சென்றார்.

அந்தப் பயணங்கள் கசப்பானவை. தென் மாநிலச் சாலைகளில் பல உணவுச்சாலைகள் கறுப்பினத்தவரை உள்ளே விடா. கழிவறைக் கதவுகளும் அவர்களுக்குத் திறக்கா. அதனால் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டே புறப்படுவார்கள். தங்க இடம் கிடைக்காத ஊர்களில் நிறுத்தாமல் ஓட்டிச் செல்வார்கள். நாட்டுக்காக ஓடப் போகும் பெண்களுக்கு அந்த நாட்டின் தெருவோரத்தில் ஒரு கோப்பை தேநீர் கிடைக்கவில்லை.

டெம்பிள் படிப்பில் சமரசம் செய்யவில்லை. ஓட்டத்தில் எவ்வளவு கெட்டிக்காரி என்றாலும் புள்ளிகள் குறைந்தால் அணியில் இடம் இல்லை. ஓட்டம் சில வருடங்களில் முடிந்துவிடும், பட்டம் வாழ்நாள் முழுவதும் வரும் என்பது அவரது உறுதியான நம்பிக்கை. நாற்பது வருடங்களுக்கு மேல் பயிற்றுநராக இருந்த அவரிடமிருந்து 40 பேர் ஒலிம்பிக் சென்றார்கள். அவர்கள் வென்ற பதக்கங்கள் 23. பதக்கம் பெறாதவர்களும் உட்பட அந்த 40 பேரில் ஏறத்தாழ அனைவரும் பட்டதாரிகளானார்கள். இவற்றில் எந்தக் கணக்கு பெரியது என்று கேட்டால், பட்டதாரிகளின் கணக்கையே டெம்பிள் முதலில் சொல்லியிருப்பார்.

1959 இல் சிக்காகோவில் நடந்த பான் அமெரிக்க விளையாட்டுப் போட்டிகளில் வில்மா 100 மீற்றரில் வெள்ளியும் அஞ்சலோட்டத்தில் தங்கமும் பெற்றார். 1960 யூலையில் டெக்சாஸ் மாநிலத்தில் நடந்த தேசியப் போட்டியில் 200 மீற்றரை 22.9 செக்கனில் ஓடி உலக சாதனை படைத்தார். அப்போது அவர் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடங்களே முடித்திருந்தார்.

உரோம்

1960 உரோம் ஒலிம்பிக்கின் அமெரிக்கப் பெண்கள் மெய்வல்லுநர் அணிக்குப் பயிற்றுநர் டெம்பிள்தான். முதல் ஓட்டத்துக்கு முந்திய நாள் பயிற்சித் திடலில் சிறு குழி ஒன்றில் கால் இடறி வில்மாவின் கணுக்கால் சுளுக்கியது. காலைக் கட்டிக்கொண்டு ஓய்வெடுத்தார். மறுநாள் ஓடினார்.

100 மீற்றர் அரையிறுதியில் 11.3 செக்கனில் ஓடி உலக சாதனையைச் சமன்செய்தார். இறுதிப் போட்டியில் 11.0 செக்கன். பின்காற்று அளவுக்கு மிஞ்சி வீசியதால் அது சாதனையாகப் பதிவாகவில்லை. தங்கம் மட்டும் பதிவானது. 200 மீற்றரின் முதற்சுற்றில் 23.2 செக்கனில் ஒலிம்பிக் சாதனை படைத்தார். இறுதியில் எதிர்க்காற்றில் 24.0 செக்கனில் வென்றார். அதே 200 மீற்றர் ஓட்டத்தில், சரியாக 40 வருடங்கள் கழித்து, சிட்னி ஒலிம்பிக்கில் இலங்கையின் சுசந்திகா ஜயசிங்க 22.28 செக்கனில் ஓடி மூன்றாவதாக வந்தார். முதலாவதாக வந்தவர் பின்னர் தகுதி நீக்கப்பட்டதால் அவருக்கு வெள்ளிப் பதக்கம் உரித்தானது.

அஞ்சலோட்டத்தில் வில்மாவுடன் ஓடிய மார்த்தா ஹட்சன், பார்பரா ஜோன்ஸ், லுசிண்டா வில்லியம்ஸ் மூவரும் டென்னசி மாநிலப் பல்கலைக்கழகத்தின் மாணவிகள். ஒரே மண்பாதையில் பழகிய நான்கு பேர் உலகுக்கு எதிராக ஓடினார்கள். அரையிறுதியில் 44.4 செக்கன், உலக சாதனை. இறுதிப் போட்டியில் கடைசிக் கைமாற்றத்தில் அஞ்சல் கோல் நழுவப் பார்த்தது. லுசிண்டாவின் கையிலிருந்து அதைப் பிடித்துக்கொள்ள வில்மா வேகத்தைக் குறைக்க வேண்டியதாயிற்று. முன்னால் ஒருவர் போய்விட்டார். கோலை இறுகப் பற்றியபின் அவரைத் துரத்திப் பிடித்து வென்றார் வில்மா. இல்ல விளையாட்டுப் போட்டிகளில் கோலை விழுத்திவிட்டு அழுதுகொண்டு நின்ற அனுபவம் உள்ள மாணவிகளுக்கு அந்தக் கணத்தின் நெஞ்சிடிப்பு தெரியும்.

ஊர் வரவேற்பும் அதன் பின்னும்

மூன்று தங்கத்தோடு வந்த மகளுக்குக் கிளார்க்ஸ்வில் நகரம் 1960 ஒக்டோபர் 4 ஆம் திகதி பெருவிழா எடுக்க விரும்பியது. ஊர்வலம், இரவு விருந்து எல்லாம் ஏற்பாடாயின. வழமைப்படி வெள்ளையருக்கு ஓர் இடம், கறுப்பினத்தவருக்கு ஓர் இடம் என்று பிரித்தே எதுவும் நடக்கும் ஊர் அது. வில்மா அதற்கு இணங்கவில்லை. பிரித்து நடத்தும் விழாவுக்குத் தாம் வரப்போவதில்லை என்பதைத் தெளிவாகச் சொன்னார். நகரம் பணிந்தது. அந்த ஊரின் வரலாற்றில் இரு இனத்தவரும் ஒன்றாகக் கலந்துகொண்ட முதலாவது நகர நிகழ்ச்சி அதுவே. விருந்தில் ஏறத்தாழ 1,100 பேர் ஒரே மண்டபத்தில் அமர்ந்து உண்டார்கள்.

20 வயது மாணவி ஒருவர் தமக்கு வந்த கௌரவத்தைத் தமக்காக மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. தம் தாய் பின் வரிசையில் அமர்ந்து போன பஸ் பயணங்களுக்கு அவர் அளித்த விடை அது. 1963 இல், கறுப்பினத்தவரை உள்ளே விடாத அவ்வூர் உணவுச்சாலை ஒன்றுக்கு எதிரான போராட்டத்திலும் அவர் நேரில் கலந்துகொண்டார். சிறிது நாட்களில் நகரத்தின் உணவுச்சாலைகள் எல்லோருக்கும் திறக்கப்பட்டன.

1961 இல் ஜேர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் 100 மீற்றரை 11.2 செக்கனில் ஓடி உலக சாதனை படைத்தார். 1962 இல், 22 வயதில், ஓட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். உச்சியில் இருக்கும்போதே விலகிய அவர் திரும்பிப் போனது வகுப்பறைக்குத்தான். 1963 இல் கல்வியியலில் பட்டம் பெற்றார். அவ்வருடம் நல்லெண்ணத் தூதுவராகச் செனகல், மாலி, கினி, கானா முதலிய ஆபிரிக்க நாடுகளுக்கும் சென்றார்.

பட்டம் பெற்றபின் அவர் ஏற்ற முதற் பணிகளில் ஒன்று, கிளார்க்ஸ்வில்லின் கோப் ஆரம்பப் பாடசாலையில் ஆசிரியை வேலை. காலில் தாங்கியோடு தாம் முதன்முதலாக நுழைந்த அதே பாடசாலை. கூடைப்பந்தாடிய பேர்ட் பாடசாலையில் ஓட்டப் பயிற்றுநராகவும் பணியாற்றினார். பிற்காலத்தில் வறிய பிள்ளைகளுக்கு இலவசப் பயிற்சி அளிக்கத் தம் பெயரில் ஓர் அறக்கட்டளையை நிறுவினார். புகழ் இருந்தாலும் பணம் பெரிதாகச் சேரவில்லை. அக்காலத்து ஒலிம்பிக் வீராங்கனைகளுக்கு இன்றுள்ள வருமானம் எதுவும் இருக்கவில்லை. அவரைக் கடைசிவரை தாங்கியது பட்டமும் தொழிலுமே.

1994 நவம்பர் 12 ஆம் திகதி, 54 வயதில், புற்றுநோயால் வில்மா காலமானார். டென்னசி மாநிலப் பல்கலைக்கழகத்தின் மாணவிகள் விடுதி ஒன்றுக்கு அவரது பெயர் இடப்பட்டிருக்கிறது. கிளார்க்ஸ்வில் நகரின் முக்கியமான ஒரு வீதியும், ஜேர்மனியின் பெர்லின் நகரில் ஒரு பாடசாலையும் அவர் பெயரைத் தாங்கியுள்ளன.

நமக்கு எஞ்சுவது

வில்மாவைத் தாக்கிய நோய்க்கு அன்று தடுப்பு மருந்து இருக்கவில்லை. முதலாவது போலியோத் தடுப்பூசி பாவனைக்கு வந்தது 1955 இல். இன்று நம் நாட்டில் அந்த நோய் இல்லை. 1993 க்குப் பின்னர் இலங்கையில் ஒரு பிள்ளைகூடப் போலியோவால் பாதிக்கப்படவில்லை. 2014 இல் தென்கிழக்காசியப் பிராந்தியம் முழுவதும் போலியோ அற்றது என உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. குடும்பநல உத்தியோகத்தர் குறித்துத் தரும் நாளில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்குப் போகும் ஒவ்வொரு தாயும், பிளான்ச் ருடோல்ப் வாரந்தோறும் 80 கிலோமீற்றர் போய் மீட்க முயன்ற ஒன்றை முன்கூட்டியே காத்துக்கொடுக்கிறார்.

ஆகவே நம் பிள்ளைகளின் கால்கள் நலமாகத்தான் இருக்கின்றன. அப்படியிருந்தும் எத்தனை மாணவிகள் தரம் எட்டிலும் ஒன்பதிலும் மைதானத்தை விட்டு ஒதுங்கிப்போகிறார்கள்? சாதாரண தரப் பரீட்சை வருகிறது, விளையாட்டு எதற்கு என்ற எண்ணத்தில் நின்றுவிடுபவர்கள் பலர். வில்மாவின் வாழ்க்கையில் படிப்பும் விளையாட்டும் எதிரெதிராக நிற்கவில்லை. கூடைப்பந்து அவரைப் பல்கலைக்கழக வாசலுக்குக் கொண்டுபோனது. பல்கலைக்கழகம் அவரை ஆசிரியையாக்கியது. இரண்டில் ஒன்றை விட்டிருந்தாலும் மற்றது கிடைத்திராது.

அதே நேரத்தில் அவர் தனியே ஓடி எதையும் பெறவில்லை. காலை நீவிவிட்ட சகோதரர்கள், கூட அழைத்துப்போன அக்கா, மறுப்புச் சொல்லாமல் வழி சொன்ன தந்தை, புள்ளிகளையும் படிப்பையும் ஒன்றாகக் கேட்ட பயிற்றுநர் என்று ஒவ்வொருவரும் தத்தம் தூரத்தை ஓடிக் கோலைக் கைமாற்றினார்கள். வில்மா ஓடியது கடைசித் தூரம். அடுத்த முறை மகளின் கையில் விளையாட்டுப் போட்டிக்கான அனுமதிக் கடிதம் வரும்போது, கையொப்பமிடும் முன் பெற்றோர் தயங்குவது இயல்பு. தயங்கட்டும். யார் கூடப் போவது என்று கேட்கட்டும். அதற்குரிய ஏற்பாட்டையும் செய்யட்டும். அதன் பின் கையொப்பம் இடட்டும்.